வீட்டில் இருக்கும் ராணுவப் பதக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஜெலுத்தோங், பட்டர்வொர்த் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும், அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பதக்கங்களை அலமாரியில் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்பது பல வீடுகளில் மறந்துபோயிருக்கும். அந்தக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கையில் இப்போது பதக்கத்தையும் துணியையும் வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்றால், துணியைக் கீழே வைத்துவிட்டு, துலக்குவது பற்றிய பதிலை முதலில் படியுங்கள்.

மலேசியாவில் மிக உயர்ந்த வீர விருது எது?

ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா. சுருக்கமாக எஸ்.பி. 1960 ஜூலை 29 அன்று ஏற்படுத்தப்பட்டது. கூட்டரசு விருதுகளின் வரிசையில் இதுதான் முதல். டான் ஸ்ரீ, டத்தோ பட்டம் தரும் விருதுகளெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். ஆனால் எஸ்.பி. பெற்றவருக்கு அதனால் பட்டம் எதுவும் கிடைக்காது; பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் சேரும், அவ்வளவுதான். அடுத்த இடத்தில் இருப்பது பங்லிமா காகா பெரானி, அதாவது பி.ஜி.பி. இதுவும் அதே நாளில் ஏற்படுத்தப்பட்டதே.

இரண்டையும் உயிரோடு இருப்பவருக்கும் வழங்கலாம், மறைந்தவருக்கும் வழங்கலாம். ராணுவத்தினர் மட்டுமல்ல, போலீசாரும் பெற்றிருக்கிறார்கள். சரவாக் இபான் வீரர் கானாங் அனாக் லாங்காவ் இரண்டையுமே பெற்றவர். கம்யூனிஸ்டு கிளர்ச்சிக் காலத்தில் உயிர்நீத்த கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதனுக்கு எஸ்.பி. விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பேராக், சவுக்கில் அல்-மவுனா கும்பல் ஆயுதங்களைக் கொள்ளையடித்துப் பதுங்கியபோது பிணையாகப் பிடிபட்டுக் கொல்லப்பட்ட போலீஸ் துப்பறிவாளர் சகாதேவனும் மறைவுக்குப் பின் வீர விருது பெற்றார். நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தப் பெயர்களைக் கேட்காமலே வளர்வது வருத்தமான விஷயம். வீட்டிலாவது சொல்லுங்கள்.

அப்பா துணிச்சலான காரியம் செய்தார் என்று கூட இருந்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது வீர விருதுக்கு விண்ணப்பிக்கலாமா?

வீர விருது என்பது விண்ணப்பித்துப் பெறுவதல்ல. சம்பவம் நடந்த உடனே, நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தோடு, மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். அது படிப்படியாக மேலே போய், கடைசியில் மாமன்னர் வழங்குவார். சாட்சிகளும் அதிகாரியும் மறைந்த பிறகு குடும்பத்தார் எழுதும் கடிதத்தால் அந்த வழியைத் திறப்பது மிகவும் கடினம்.

சேவைப் பதக்கம் அப்படியல்ல. இன்ன காலத்தில், இன்ன இடத்தில், இத்தனை நாள் பணியில் இருந்தார் என்று பதிவில் இருந்தால் போதும். அது அவருக்கு உரியது. வாங்காமல் விட்டுப்போயிருந்தால் கேட்கலாம். முதலில் இந்த இரண்டில் உங்கள் கேள்வி எதைப் பற்றியது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பலர் தவறான கதவைத் தட்டியே களைத்துப்போகிறார்கள்.

எங்களிடம் இருப்பது என்ன பதக்கம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ரிப்பனை நம்பித் தொடங்காதீர்கள். நைந்த ரிப்பனை மாற்றும்போது கடையில் கிடைத்ததைக் கோத்துவிடுவது சாதாரணம். உலோகத்தைப் பாருங்கள்: முன்புறம், பின்புறம், பிறகு விளிம்பு. பதக்கத்துக்கு மேலே ரிப்பன்மீது குறுக்குப் பட்டை இருந்தால் அதில் உள்ள எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மலேசியத் தமிழ் வீடுகளில் அதிகம் காணப்படுபவை இவை.

ஆறு முனை கொண்ட மஞ்சள் உலோக நட்சத்திரம் என்றால் இரண்டாம் உலகப்போர். நடுவில் உள்ள வட்டத்தைச் சுற்றி அதன் பெயரே எழுதியிருக்கும். மலாயாவில் போரிட்டவர்களுக்கு உரியது பசிபிக் நட்சத்திரம். அதற்கான காலம் 1941 டிசம்பர் 8 முதல் 1945 செப்டம்பர் 2 வரை. பினாங்கு, செபராங் பிறைத் தொண்டர் படை நீரிணைக் குடியேற்றத் தொண்டர் படையின் மூன்றாவது பட்டாளமாக இருந்தது. அதில் இருந்தவர்களின் வீடுகளில் பெரும்பாலும் 1939–45 நட்சத்திரம், பசிபிக் நட்சத்திரம், தற்காப்புப் பதக்கம், போர்ப் பதக்கம் என நான்கும் சேர்ந்தே இருக்கும். ஒன்று மட்டும் இருந்தால் மற்றவை எங்கே போயின என்று சித்தப்பா, அத்தை வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பங்கு பிரிக்கும்போது பதக்கத்தையும் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய.

வட்டமான வெள்ளிப் பதக்கம், மேலே 'மலாயா' என்ற பட்டை இருந்தால், அது 1918ஆம் ஆண்டு வகை பிரிட்டிஷ் பொதுச் சேவைப் பதக்கம். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலத்துக்கானது: 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை. ராணுவத்தினரோடு போலீசாரும் பெற்றார்கள். இதைப் போலவே பெயர் கொண்ட 1962ஆம் ஆண்டு வகை ஒன்று இருக்கிறது. அதில் 'போர்னியோ' அல்லது 'மலாய் தீபகற்பம்' என்ற பட்டை இருந்தால் இந்தோனேசியாவுடனான கொன்ஃப்ரொந்தாசி (மோதல்) காலத்தைச் சேர்ந்தது. போர்னியோ பட்டைக்கான காலம் 1962 டிசம்பர் 24 முதல் 1966 ஆகஸ்ட் 11 வரை. தீபகற்பப் பட்டைக்கு 1964 ஆகஸ்ட் 17இல் தொடங்கி, அதே 1966 ஆகஸ்ட் 11இல் முடியும். ரிப்பன் அசலாக இருந்தால் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லலாம்: ஊதா நிறத்தில் நடுவே பச்சைக் கோடு என்றால் 1918 வகை, இரு ஓரங்களிலும் பச்சை என்றால் 1962 வகை.

இன்னொன்றைப் போர்ப் பதக்கம் என்று நினைத்துப் பலர் கொண்டுவருவார்கள். பின்புறத்தில் வேலை முடித்து அமர்ந்து ஓய்வெடுக்கும் ஒரு மனிதனின் உருவம், விசுவாசமான சேவைக்கு என்ற ஆங்கில வாசகம், ரிப்பனில் இரு பக்கமும் கருஞ்சிவப்பு, நடுவில் வெளிர் நீலம். இது இம்பீரியல் சர்வீஸ் பதக்கம். 1902இல் ஏற்படுத்தப்பட்டது, நீண்ட காலம் உழைத்து ஓய்வுபெற்ற கீழ்நிலை அரசு ஊழியர்களுக்கு உரியது. ரயில்வேயிலோ தபாலிலோ இருந்த தாத்தா ராணுவத்தில் இருந்தார் என்று வீட்டில் ஒரு பேச்சு உருவாகியிருந்தால், அதற்கு இந்தப் பதக்கம்தான் காரணமாக இருக்கும். அவர் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை இது. அந்தப் பெயரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

விளிம்பில் உள்ள எழுத்தை எப்படிப் படிப்பது?

பொதுச் சேவைப் பதக்கத்தின் விளிம்பில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் இருக்கும். பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு; மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். பதக்கத்தின் இரு முகங்களையும் விரல் நுனியால் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக் கைப்பேசியில் ஆறு முதல் எட்டுப் படம் எடுங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதின் கடைசி எழுத்திலிருந்து தொடங்கட்டும். எழுத்து தேய்ந்திருந்தால் பென்சில் கரி பூசிப் பார்க்க வேண்டாம். விளக்கின் கோணத்தை மாற்றினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெயரைவிட எண் முக்கியம். முனியாண்டி என்ற பெயர் கொண்ட பலர் ஒரே படைப்பிரிவில் இருந்திருக்கலாம். எண் ஒருவருக்கு மட்டுமே.

விளிம்பில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேறாக இருக்கின்றன. என்ன செய்வது?

நம் பெயர்களுக்கு இது எப்போதும் உள்ள தொல்லை. அப்பா பெயர் ஓர் இடத்தில் முதலெழுத்தாகவும், ஓர் இடத்தில் 'அனாக் லெலாக்கி' (இன்னாரின் மகன்) சேர்த்து முழுதாகவும் இருக்கும். ஆறுமுகம் எழுதுபவர் காதில் விழுந்தபடி மாறியிருக்கும். திருத்தி எழுதச் சொல்லிப் பதக்கத்தைப் பொற்கொல்லரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதன்பின் அதை எவரும் அசல் என்று ஏற்க மாட்டார்கள். சத்தியப் பிரமாணக் கடிதம் (சூராட் அக்குவான் சும்பா) ஒன்றைத் தயாரித்து, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடுங்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, இறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். படை எண் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருந்தால் வேலை எளிது.

நட்சத்திரத்தில் பெயரே இல்லை. போலியா?

இல்லை. இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலே வழங்க பிரிட்டன் முடிவு செய்தது. இந்திய, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்க வீரர்களின் நட்சத்திரங்களில் மட்டும் பின்புறத்தில் பெயர் பொறிக்கப்பட்டது. மலாயாத் தொண்டர் படையில் இருந்தவருடையது வெறுமையாக இருப்பதே இயல்பு. தாத்தா இந்திய ராணுவத்தோடு இங்கு வந்து தங்கியவர் என்றால் பின்புறத்தில் எண்ணும் பெயரும் இருக்க வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்று தெரிந்தால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு.

தாத்தாவுக்குப் பி.ஜே.எம். உண்டு என்கிறார்கள். அது ராணுவப் பதக்கம்தானே?

பினாங்கில் இதில்தான் அதிகக் குழப்பம். பிங்காட் ஜாசா மலேசியா 2004இல் மலேசிய அரசு ஏற்படுத்தியது. மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு அவசரகாலத்திலும் கொன்ஃப்ரொந்தாசியிலும் இங்கே பணியாற்றிய காமன்வெல்த் வீரர்களுக்கானது. பிங்காட் ஜாசா மஷாராகாட் என்பது பினாங்கு மாநில ஆளுநர் சமூகத் தொண்டுக்காக வழங்குவது. இரண்டுக்கும் எழுத்துச் சுருக்கம் ஒன்றே. பள்ளித் தலைமையாசிரியராகவோ கோயில் நிர்வாகத்திலோ இருந்தவர் என்றால் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். சான்றிதழில் மாமன்னரா, மாநில ஆளுநரா என்று பாருங்கள். மாநில விருது பற்றிய கேள்விக்குக் கொம்தாரில் உள்ள மாநிலச் செயலகம். கூட்டரசு விருதுகளுக்குப் பிரதமர் துறையின் சடங்குப் பிரிவு.

பாட்டி ஜான்சி ராணிப் படையில் இருந்தார். இந்திய தேசிய ராணுவத்தின் பதக்கம் எங்கே கிடைக்கும்?

ஜான்சி ராணிப் படை இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படை. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த் போன்ற விருதுகளை ஏற்படுத்தியது உண்மை. ஆனால் இவை ஐரோப்பாவில் வியன்னா நகரத்தில் அச்சிடப்பட்டவை, போருக்குப் பிறகும் சேகரிப்பாளர்களுக்காக ஏராளமாக அச்சிடப்பட்டன. இணையத்தில் இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி அப்படிப் பின்னால் செய்தவை. பாட்டியின் நினைவாக ஒன்றை வாங்கி மாட்டினால், நாளை பேரப்பிள்ளைகள் அதைப் பாட்டிக்கே கொடுத்தது என்று நம்புவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தேட வேண்டியது காகிதம். படை உறுப்பினர் அட்டை, நன்கொடை ரசீது, குழுப் படம், இந்திய அரசு 1972 முதல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு வழங்கிய தாமிரப் பட்டயம் ஆகியவை உலோகத்தைவிட உறுதியான சான்று. ஜான்சி ராணிப் படையின் துணைத் தளபதியாக இருந்த கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்திய அரசு 2000இல் பத்மஸ்ரீ வழங்கியது. அது இந்தியக் குடிமை விருது. போர்ப் பதக்கம் அல்ல.

சயாம் மரண ரயில்பாதையில் இறந்த எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பதக்கம் உண்டா?

இல்லை. தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் எந்தப் படையிலும் சேர்ந்தவர்கள் அல்ல என்பதால் எந்தப் போர்ப் பதக்கமும் அவர்களைத் தொடவில்லை. அதே பாதையில் அவர்களோடு செத்த சிப்பாய்க்கு நட்சத்திரமும் கல்லறையும் உண்டு. இது பெரிய அநீதி என்றே கருதுகிறோம். உங்களால் முடிந்தது: பெயர், தோட்டம், கொண்டுபோன ஆண்டு, உடன் போனவர்கள், திரும்பி வந்தவர்கள் சொன்னது ஆகியவற்றை எழுதித் தேதியிட்டு வையுங்கள். சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.

அண்ணன் லெபனானில் பணியாற்றினார். நீல ரிப்பன் பதக்கம் எப்படிக் கிடைக்கிறது?

ஐ.நா. பதக்கம். பொதுவாக 90 நாள் பணி முடித்திருக்க வேண்டும். பதக்கம் பார்க்க ஒன்றேபோல் இருந்தாலும் ரிப்பன் பணியிடத்துக்குப் பணியிடம் மாறும். அதே பணியிடத்துக்கு மறுபடி போனால் இன்னொரு பதக்கம் தரமாட்டார்கள். ரிப்பன்மீது எண் பொருத்துவார்கள். காங்கோ, நமீபியா, சோமாலியா, போஸ்னியா என மலேசியப் படையினர் போன இடங்கள் பல. ரிப்பனை மாற்ற நேர்ந்தால் எந்த இடம் என்று சொல்லி வாங்குங்கள்.

பதக்கம் தொலைந்துவிட்டது. மறுபடி பெற முடியுமா?

முதலில் போலீஸ் ரிப்போர்ட். அதில் 'பதக்கம்' என்று மட்டும் எழுதாமல் பதக்கத்தின் முழுப்பெயர், படை எண், பெயர், தொலைந்த சூழல் எல்லாம் இருக்கட்டும். பிறகு சான்றிதழின் நகல், அடையாள அட்டை, பணி முடிவுச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம். மலேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றால் ஆயுதப்படை முன்னாள் வீரர் விவகாரத் துறையிடம் கேளுங்கள். எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். பிரிட்டிஷ் பதக்கமாக இருந்தால் பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சின் பதக்க அலுவலகம். அவர்கள் பிரிக்கும் முறை முக்கியம்: ஒருபோதும் வாங்காத பதக்கத்தைச் சட்டபூர்வ வாரிசு கோரலாம், வாங்கித் தொலைத்ததற்கு விதிகள் கடுமை.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், ஒரே பதக்கத்துக்கு இரண்டு பிள்ளைகள் தனித்தனியே எழுதுவது. குடும்பம் கூடி ஒருவரை முடிவு செய்து, மற்றவர்கள் சம்மதக் கடிதம் கொடுங்கள்.

புளி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. புளி, எலுமிச்சை, திருநீறு, பித்தளைப் பசை எதுவுமே வேண்டாம். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் உலோகத்தின் மேற்பரப்பைக் கரைக்கும்; திருநீறும் பசையும் அரத்தைப் போல அராவும். இரண்டு மூன்று பொங்கலுக்கு விளக்கோடு சேர்த்துத் துலக்கினால் விளிம்பில் உள்ள பெயர் மழுங்கத் தொடங்கிவிடும். பெயர் போனபின் அது யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை. வெள்ளியின் கருமை கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. அது அடியில் உள்ள உலோகத்துக்குக் காப்பாகவே இருக்கிறது.

உலர்ந்த மென்துணியால் தூசியை ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். செம்புக் கலவை நட்சத்திரத்தில் பச்சைப் பொடி கண்டால் மூங்கில் பல்குச்சியால் மெதுவாக நீக்குங்கள். கத்தியோ ஊசியோ வேண்டாம்.

வைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். மென்மையான பி.வி.சி. உறையிலிருந்து பிசுக்கு கசிந்து பச்சைக் களிம்பு வரும். பாலியெஸ்டர் அல்லது பாலிதீன் உறை பயன்படுத்துங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அது பட்ட இடத்தில் வெள்ளி கறுத்துக் கோடு விழும். தேக்குப் பெட்டியானாலும் உள்ளே பசை, வார்னிஷ் வாடை இருந்தால் வேண்டாம். சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால், ஈரம் உறிஞ்சி நிறைந்துவிட்டது என்பது ஆரஞ்சு பச்சையாகும்போது தெரியும். சுமார் 110–120 பாகை செல்சியஸில் ஓவன் அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். தஞ்சோங் பூங்கா, பட்டர்வொர்த் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் அரிப்பு சீக்கிரம் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது எப்படி?

ஆழமான பெட்டிச் சட்டம், அமிலமற்ற அட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக். பதக்கத்தின் பின்புறத்தில் பசை தடவவே கூடாது. ரிப்பனை மட்டும் பருத்தி நூலால் அட்டையில் தைக்கச் சொல்லுங்கள். வெயில் படும் சுவரும் சாமி விளக்கின் புகை படும் சுவரும் வேண்டாம், ரிப்பன் வெளுத்துவிடும். சான்றிதழின் அசலை அலமாரியில் பத்திரமாக வைத்து, சட்டத்தில் வண்ண நகலை வையுங்கள்.

அணிவதற்குக் கோப்பது எப்படி? வரிசை என்ன?

பிரிட்டிஷ் வட்டப் பதக்கங்கள் பெரும்பாலும் 36 மி.மீ. விட்டமும், ரிப்பன் 32 மி.மீ. அகலமும் கொண்டவை. ஆடவிட்டுக் கோப்பது ஒரு முறை. பின்னால் விறைப்பான அட்டை வைத்து ரிப்பனையும் பதக்கத்தையும் அசையாமல் தைப்பது இன்னொன்று. இரண்டாவதே நல்லது, நடக்கும்போது ஒன்றோடொன்று மோதித் தேயாது. எண்ணிக்கை கூடினால் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி அடுக்குவார்கள். அப்போது மார்பின் நடுப்பக்கம் இருப்பது முழுதாகத் தெரிய வேண்டும். இரவு விருந்துக்கு அணியும் சிறு பதக்கம் இதில் பாதி அளவு. ரிப்பன் 16 மி.மீ.

மிக உயர்ந்தது மார்பின் நடுப்பக்கம். கூட்டரசு விருதுகள், பிறகு மாநில விருதுகள், அதன்பின் வெளிநாட்டு, ஐ.நா. பதக்கங்கள் என்பது பொதுவான வரிசை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் தமக்குள் 1939–45 நட்சத்திரம், பசிபிக் நட்சத்திரம், தற்காப்புப் பதக்கம், போர்ப் பதக்கம், அதன்பின் மலாயா பட்டை கொண்ட பொதுச் சேவைப் பதக்கம் என்று நிற்கும். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று நட்சத்திரங்களை நடுவில் வைத்துத் தைத்துவிடும் தையற்காரர்கள் உண்டு. வரிசையைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

அப்பாவின் பதக்கத்தை நான் அணியலாமா?

அவருடையதை உங்களுடையது போல இடப்பக்கம் அணியக் கூடாது. நினைவு நாட்களில் மறைந்தவரின் பதக்கத்தை உறவினர் வலப்பக்கம் அணிவது காமன்வெல்த் நாடுகளின் வழக்கம். ஜூலை 31 வீரர் தினத்துக்கோ, நவம்பர் இரண்டாம் ஞாயிறு நினைவஞ்சலிக்கோ போகிறீர்கள் என்றால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெறாத விருதைப் பெற்றதாகக் காட்டிக்கொள்வது வேறு. 2017ஆம் ஆண்டின் விருதுகள் தொடர்பான குற்றங்கள் சட்டம், சட்டம் 787, அதற்குத் தண்டனை வைத்திருக்கிறது.

பழைய பொருள் கடையில் ஒன்று பார்த்தோம். அசலா என்று எப்படி அறிவது?

விலை கூட்டுவதற்காக விளிம்பில் உள்ள பெயரை அராவிவிட்டு, பெரிய சண்டையில் இருந்தவரின் பெயரைப் பொறிப்பதுதான் வழக்கமான மோசடி. அளவுக் கருவியால் விட்டத்தை இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். 36 மி.மீ. இருக்க வேண்டியது ஓரிடத்தில் குறைந்தால் அராவியிருக்கிறார்கள். எழுத்து மட்டும் கூர்மையாகவும் முகத்தில் உள்ள மன்னர் உருவம் தேய்ந்தும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

விற்கும் நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு ஒன்று: பதக்கங்களைப் பிரித்து விற்காதீர்கள். ஒருவருடைய பதக்கங்கள், சான்றிதழ், படம், பணிப்புத்தகம் எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது அவருடைய வரலாறு. விலையும் அப்படித்தான் நிற்கும். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், போர்ட் டிக்சன் தரைப்படை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அன்பளிப்பா, இரவலா என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதி, விளிம்பு உட்பட எல்லாப் பக்கங்களின் படத்தையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.